பெண்கள் தீவில் பத்து நாட்கள்

ஒரு தீவுக்குப் போய்வந்தேன் என்று சொன்னால், நம்மவர்கள் முதலில் கேட்பது "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்பதுதான். மெக்ஸிகோ நாட்டின் இஸ்லா முஹேரெஸ் தீவைப் பொறுத்தவரை இதற்கு நேர்மையான பதில், "பெரிதாக ஒன்றுமில்லை" என்பதே. நீளம் சுமார் ஏழு கிலோ மீற்றர். அகலமோ பல இடங்களில் அரைக் கிலோ மீற்றர் அளவுதான். காலையில் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்தால், பகற்சாப்பாட்டுக்கு முன் முழுத் தீவையும் சுற்றிவிட்டு வந்துவிடலாம். அப்படித்தான் நாள்தோறும் பெருங்கூட்டம் காலைப் படகில் வருகிறது, சுற்றுகிறது, படம் எடுக்கிறது, மாலைப் படகில் போய்விடுகிறது.

வாசகர்களே, அவர்களோடு போய்விடாமல் என்னோடு ஒரு பத்து நாள் தங்குங்கள். ஒன்றுமில்லை என்று சொன்ன இடத்தில் என்னவெல்லாம் இருக்கிறது என்பது மூன்றாம் நாளுக்குப் பிறகுதான் தெரியவரும்.

போகும் வழி

உலகப் படத்தை எடுத்து விரியுங்கள். மெக்ஸிகோவின் தென்கிழக்கில், ஒரு பெருவிரல் போல வடக்கு நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் நிலந்தான் யுகட்டான் குடாநாடு. அதன் கிழக்குக் கரையில், கரீபியன் கடலைப் பார்த்தபடி கன்குன் நகரம். பெரிய விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் நகரத்துக்கு வந்து, அங்கிருந்து சிறு வேன் ஒன்றில் ஏறினால் புவெர்ட்டோ ஹுவாரெஸ் துறைமுகம். இனி இருபது நிமிடப் படகுப் பயணம், அவ்வளவுதான்.

நேர வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். நமக்குக் காலை ஆறு மணி என்றால், அங்கே முந்திய நாள் இரவு ஏழரை. ஆகவே முதல் இரண்டு நாளும் நடுநிசியில் கண் விழித்து, நண்பகலில் தூங்கி விழுவீர்கள். கவலைப்படாதீர்கள், தூங்கி விழுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

இந்தக் கடலின் நிறத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. நான் சுருக்கமாகச் சொல்கிறேன். படகு புறப்படும்போது பச்சையாக இருக்கும் நீர், நடுவழியில் கடும் நீலமாகி, தீவை நெருங்கும்போது அடியில் கிடக்கும் வெண்மணல் தெரியும் அளவுக்கு வெளுத்துவிடும். பவளப் பாறையும் சிப்பியும் பொடிந்த மணல் அது. உச்சி வெயிலிலும் காலைச் சுடாது.

மெக்ஸிகோ என்றதும் பலருக்குப் போதைப்பொருள் கும்பல்களின் துப்பாக்கிச் சத்தம் நினைவுக்கு வரும். அந்தப் பயம் ஆதாரமற்றதல்ல. எதிர்க்கரையில் கன்குன் நகரமும் அந்தக் கொடுமையை அனுபவித்திருக்கிறது. தீவின் தெருக்களில் இரவு ஒன்பது மணிக்கு நான் கண்டதோ, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு காற்று வாங்க நடக்கும் குடும்பங்களைத்தான். ஊரின் நடுவே ஒரு சதுக்கம். அங்கே சிறுவர்கள் கூடைப்பந்து விளையாடுவார்கள். சுற்றிவரத் தள்ளுவண்டிகள். அவற்றில் 'மார்க்கேசித்தா' என்றொரு பலகாரம் சுடுவார்கள். மெல்லிய மாவை இரும்பு அச்சில் ஊற்றி, மொறுமொறுவென்று வெந்ததும் சீஸ் துருவலைத் தூவிச் சுருட்டித் தருவார்கள். சீஸ் ஒல்லாந்து நாட்டு உருண்டைச் சீஸ்! ஒல்லாந்தர் ஒருநாளும் ஆளாத யுகட்டானில் அந்தச் சீஸ் வீட்டுப் பொருளாகிவிட்டது. ஒல்லாந்தர் ஆண்ட நம் நாட்டில் நாமோ அதைச் சீண்டுவதில்லை.

கட்டிலும் கயிற்று ஊஞ்சலும்

அறுகம்பே, பொத்துவில் பக்கத்து வாசகர்களுக்கு, முதுகில் பெரிய பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பற்றி விளக்கத் தேவையில்லை. அப்படியான பயணிகளுக்கென்று உலகெங்கும் மலிவு விடுதிகள் இருக்கின்றன. அங்கே நீங்கள் எடுப்பது அறையை அல்ல, கட்டிலை. ஓர் அறையில் இரட்டைத் தட்டுக் கட்டில்கள் நான்கைந்து இருக்கும். சாமான்களை வைக்க ஒரு பெட்டி தருவார்கள், பூட்டு உங்களுடையது. பெண்களுக்கு மட்டுமான அறைகள் சில விடுதிகளில் உண்டு. குடும்பமாகப் போகிறவர்கள் சிறு தனியறை கேட்டால், ஹோட்டல் செலவில் பாதிக்கும் குறைவாக முடியும். பொதுச் சமையலறை இருந்தால் இன்னும் நல்லது.

விடுதியின் பின்முற்றம் மணல். மணலில் தென்னைகள். தென்னையைக் கண்டதும் நமக்கு மனம் நிறைகிறது. உற்றுப் பார்த்தால் பல மரங்கள் குட்டையாக இருப்பது தெரியும். 1970களின் இறுதியிலிருந்து ஒரு மஞ்சள் நோய் யுகட்டான் கரையின் உயரமான பழைய தென்னைகளை ஆயிரமாயிரமாகக் கொன்றது. பின்பு நோயைத் தாங்கும் குட்டை இனங்களை நட்டார்கள். அவற்றுக்கிடையே கயிற்று ஊஞ்சல்கள் தொங்குகின்றன.

இந்த ஊஞ்சலில் படுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நீளவாட்டில் படுத்தால் முதுகு வில்லாக வளைந்து, விடியும்போது எழும்ப முடியாது. மூலைக்கு மூலை குறுக்காகச் சாய்ந்து படுக்க வேண்டும். அப்போது நூல் வலை விரிந்து உடம்பு முழுவதையும் சமமாகத் தாங்கும். யுகட்டான் கிராமங்களில் மாயா இனக் குடும்பங்கள் கட்டிலை நாடாமல் காலமெல்லாம் இதில்தான் உறங்கி வந்திருக்கின்றன. பின்னுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டு வேலை முடிந்த நேரத்தில், கிழமைக் கணக்கில் உட்கார்ந்து ஒன்றைப் பின்னி முடிக்கிறார்கள். நல்ல ஊஞ்சல் ஒன்றின் விலையைக் கேட்டு முகம் சுளிக்கும் பயணிகளைக் கண்டேன். அதே ஆட்கள் அன்றிரவே மதுச்சாலையில் அதைவிடக் கூடச் செலவழிப்பதையும் கண்டேன்.

'ஹமாக்கா' என்ற அந்தச் சொல், கொலம்பஸ் வந்தபோது கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தாயினோ மக்களின் மொழியிலிருந்து ஸ்பானிய மொழிக்கு வந்தது. பெரும் புயலைக் குறிக்கும் 'ஹுராகன்' என்ற சொல்லும் அதே மொழிதான். அந்த மக்களை ஸ்பானியர்கள் சில பத்தாண்டுகளுக்குள்ளேயே ஏறக்குறைய அழித்துவிட்டார்கள். ஊஞ்சலும் புயலும் உலகத்துக்கு எஞ்சின.

முதல் நாள் ஊஞ்சலில் படுத்திருக்கும்போது மனம் சும்மா இராது. "இவ்வளவு காசு செலவழித்து வந்து படுத்துக் கிடக்கிறோமே" என்று குத்தும். இரண்டாம் நாளும் குத்தும். மூன்றாம் நாள் தீவின் நேரம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். சோள ரொட்டிக் கடையின் இயந்திரம் எப்போது சுழலத் தொடங்கும், மீன்படகுகள் எப்போது கரைக்கு வரும், மீன் வெட்டும் பலகையடியில் கூழைக்கடாக்கள் எப்போது வந்து வரிசை பிடிக்கும், பள்ளிக்கூடம் எப்போது விடும் என்பதெல்லாம் மணிக்கூடு பாராமலே தெரியும். நான் தங்குங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

தலையணையில் ஒரு அரபுச் சொல்

விடுதிப் பெண்ணிடம் தலையணை ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அகராதியைப் புரட்டினால் 'அல்மொஹாதா' என்றிருந்தது. அரபியில் 'அல்-மிகத்தா'! அதன்பிறகு காது கூர்மையாகிவிட்டது. சோறு 'அர்ரோஸ்', அது அரபியின் 'அர்-ருஸ்'. சீனி 'அசூகார்', அது 'அஸ்-ஸுக்கர்'. எண்ணெய் 'அசெய்த்தே', அது 'அஸ்-ஸைத்'. நாளைக்குச் சந்திப்போம் என்று விடைபெறும்போது சொல்லும் 'அஸ்தா' என்பது 'ஹத்தா'. நாளை மழை பெய்யாமல் இருந்தால் நல்லது என்று சொல்ல வேண்டுமா? வாக்கியத்தை 'ஓஹலா' என்று தொடங்குவார்கள். அல்லாஹ் நாடினால் என்ற பொருளுடைய அரபுத் தொடரே தேய்ந்து அப்படியாகிவிட்டது. கத்தோலிக்கக் கிழவி ஒருத்தி வானத்தைப் பார்த்து அதைச் சொல்லும்போது கேட்டுப் பாருங்கள்.

ஸ்பெய்னில் முஸ்லிம்களின் ஆட்சி 711இல் தொடங்கி 1492இல் கிரனாடாவின் வீழ்ச்சியோடு முடிந்தது. அதே 1492இல்தான் கொலம்பஸ் கப்பலேறினார். ஆட்சி போனது. சொற்கள் மட்டும் கப்பலேறி அத்திலாந்திக்கைக் கடந்தன.

சாப்பாட்டைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவரை மசியல், கோதுமை ரொட்டி, வாழையிலையில் அவித்த சோளப் பலகாரங்கள் இவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அந்நாட்டு வழக்கம். 'சின் மந்தேக்கா' என்று சொன்னால், கொழுப்பு வேண்டாம் என்று பொருள். முகம் கோணாமல் விளக்கம் சொல்வார்கள். தனிச் சோள ரொட்டி சோளமும் சுண்ணாம்பும் நீரும் மட்டுமே என்பதால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. மற்றப்படி இது மீன் தின்னும் தீவு. தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்த பச்சை மீன் பிடிக்காதவர்களுக்கு, 'திக்கின் ஷிக்' இருக்கிறது. மீனை நடுவே பிளந்து விரித்து, அச்சியோட்டே என்ற செந்நிற விதையின் அரைப்பையும் புளித் தோடம்பழச் சாற்றையும் பூசி, வாழையிலையில் பொதிந்து தணலில் சுடுகிறார்கள். இலை கருகும் வாசத்தில் நம் வீட்டுக் குசினி நினைவு வராவிட்டால் என்னைக் கேளுங்கள். மேசையில் ஹபனேரோ கொச்சிக்காய்ச் சம்பல் ஒன்று வைப்பார்கள். "நாங்கள் உறைப்புத் தின்றவர்கள்தானே" என்று கரண்டியால் அள்ளிப் போடாதீர்கள். துளியாகத் தொட்டுப் பாருங்கள்.

எந்தப் பெண்கள்?

'இஸ்லா' என்றால் தீவு. 'முஹேரெஸ்' என்றால் பெண்கள். 1517இல் பிரான்சிஸ்கோ எர்னாண்டெஸ் தெ கோர்தோபா என்பவர் கியூபாவிலிருந்து மூன்று கப்பல்களில் நூற்றுச் சொச்சம் ஆட்களோடு இப்பக்கம் வந்தார். தீவில் பெண்ணுருவச் சிலைகள் பலவற்றைக் கண்டதால் அவர்கள் இப்பெயரை இட்டதாகச் சொல்லப்படுகிறது. மாயா மக்கள் வணங்கிய இஷ்செல் என்ற பெண் தெய்வத்தோடு சேர்ந்த உருவங்கள் அவை. பிள்ளைப்பேறு, நெசவு, நிலவு என்பன அத்தெய்வத்தின் பொறுப்புகளாம். தெற்கு முனையில், பாறைக் குன்றின் மேல் அத்தெய்வத்துக்குரிய சிறு கற்கட்டிடத்தின் மிச்சம் நிற்கிறது. மெக்ஸிகோ நாட்டிலேயே மிகக் கிழக்கேயுள்ள இடம் இந்த முனைதான். விடியுமுன் நடந்து போனால், அந்நாட்டின் மண்ணில் சூரியனை முதலில் காண்பவர்களில் நீங்களும் ஒருவர். உங்களுக்குத் துணையாகப் பாறையெங்கும் உடும்பு போன்ற பெரிய ஓணான்கள் வெயில் காயக் காத்திருக்கும்.

ஆனால் வழிகாட்டிகள் அதிகம் சொல்லும் பெண்ணின் கதை வேறு. யுகட்டானில் 1847இல் மாயா மக்கள் நிலவுடைமையாளர்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த நீண்ட போரிலிருந்து தப்பி ஓடிவந்தவர்கள்தாம் 1850இல் இத்தீவில் இன்றுள்ள ஊரை நிறுவினார்கள். அகதிகள் கட்டிய ஊர் இது. அதற்குச் சில ஆண்டுகளின் பின், பெர்மின் முன்தாக்கா என்ற பாஸ்க் இனத்தவர் இங்கே வந்து குடியேறினார். கியூபாவுக்கு அடிமைகளைக் கடத்திப் பணம் சேர்த்தவர். தீவின் நடுவே பெரும் நிலத்தைச் சுற்றி மதிலெழுப்பி, வளைவு வாசல்களும் தோட்டங்களும் அமைத்தார். உள்ளூர் இளம்பெண் ஒருத்தியைக் கவர்வதற்காகவே இவ்வளவும் என்கிறது கதை. கோதுமை நிறத்தாள் என்று ஊர் அழைத்த அந்தப் பெண், அவரை ஏறெடுத்தும் பாராமல் வேறொருவரை மணந்தாள். முன்தாக்கா மெரிதா நகரில் இறந்தார். தனக்காக அவரே செதுக்கிய கல்லறை, மண்டையோட்டுச் சின்னத்தோடு தீவின் மையவாடியில் வெறுமையாகக் கிடக்கிறது. வடக்குக் கடற்கரைக்குப் போகும் வழியில் இருப்பதால் துவாயைத் தோளில் போட்டபடி எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள்.

இதைக் காதல் தோல்விக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கிளர்ச்சிக் காலத்தில் யுகட்டானிலிருந்து பிடித்த மாயா மக்களையே கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு விற்றார்கள். 1861இல் ஜனாதிபதி பெனித்தோ ஹுவாரெஸ் அதைத் தடை செய்யும்வரை நடந்தது. படகிலேறிய துறைமுகத்துக்கு அவர் பெயர்தான், கவனித்தீர்களா? மனிதரை விற்ற காசில் கட்டிய மாளிகையை ஓர் உள்ளூர்ப் பிள்ளை வேண்டாம் என்று தள்ளியது தோல்வியா? தீவின் பெயருக்கு நான் அவளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

உறங்கும் சுறாக்கள்

இத்தீவை உலக விஞ்ஞானம் அறிந்ததும் ஓய்வு காரணமாகத்தான்! 1960களின் இறுதியில், சிங்கி இறால் பிடிக்க மூழ்கும் கார்லோஸ் கார்சியா காஸ்தியா என்ற தீவு மீனவர், கடலடிக் குகையொன்றில் சுறாக்கள் அசையாமல் கிடப்பதைக் கண்டார். இவ்வகைச் சுறாக்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள்களுக்குள் நீர் பாய்ந்து மூச்சு விட முடியும், நின்றால் சாகும் என்பது அக்காலத்து நம்பிக்கை. தீவில் வாழ்ந்த கடலடிப் படப்பிடிப்பாளர் ரமோன் பிராவோ குகையைப் படமெடுத்து உலகுக்குச் சொன்னார். அமெரிக்காவிலிருந்து யூஜெனி கிளார்க் என்ற பெண் விஞ்ஞானி வந்தார். சுறா ஆராய்ச்சியில் ஒரு தலைமுறைக்கே வழிகாட்டிய இவர் 2015இல் தொண்ணூற்றிரண்டு வயதில் காலமானார்.

குகைக்குள் இறங்கிய கிளார்க் கண்டது என்ன தெரியுமா? சுறாக்கள் உறங்கவில்லை. உடம்பு அசையாமல் கிடந்தாலும் அவற்றின் கண்கள் மூழ்கியவர்களைப் பின்தொடர்ந்தன. குகைத் தரையில் நன்னீர் ஊறுவதால் அங்கே உப்புக் குறைவு. உப்புக் குறைந்த நீரில் தோலை அரிக்கும் ஒட்டுண்ணிகளின் பிடி தளரும். கூடவரும் ஒட்டு மீன்கள் அவற்றைக் கொத்தித் துப்புரவாக்கும். ஆகவே அது தூக்கமல்ல, ஒரு வகை வைத்தியசாலை என்பது அவருடைய விளக்கம்.

ஊஞ்சலில் படுத்துக்கொண்டு இதை யோசித்துப் பார்த்தேன். நாமும் எத்தனையோ ஒட்டுண்ணிகளைச் சுமந்துகொண்டுதான் வந்து சேர்கிறோம்.

ஜூன் முதல் செப்டெம்பர் வரை வேறொரு சுறா வருகிறது. பன்னிரண்டு மீற்றருக்கும் மேல் வளரக்கூடிய திமிங்கிலச் சுறா, மீன்களிலெல்லாம் பெரியது. தின்பதோ கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களையும் மீன் முட்டைகளையும். 2009 ஓகஸ்டில் தீவுக்கு வெளியே திறந்த கடலில் விமானத்திலிருந்து ஒரே தடவையில் 420 சுறாக்களை எண்ணினார்கள். அதற்கு முன் எங்குமே அப்படியொரு கூட்டம் பதிவாகியிருக்கவில்லை. சூரை இன மீனொன்றின் முட்டைகளை மேய வந்த கூட்டம் அது. இன்று மீனவர் பலருக்குக் கோடையில் இதுதான் தொழில். வலைப் படகில் பயணிகளை ஏற்றிப்போய் நீரில் இறக்குகிறார்கள். தொடக்கூடாது, உடம்பில் சாதாரண வெயில் கிறீம் பூசக்கூடாது, ஒரு சுறாவைச் சுற்றி இருவரும் வழிகாட்டியும் மட்டுமே இறங்கலாம் என்றெல்லாம் விதிகள். அவசரக்காரப் பயணிகளை ஏற்றிய படகுகள் ஒரே சுறாவை வளைத்து நிற்பதையும் பார்க்கலாம். விதி இருப்பதும் அது நடப்பதும் இரண்டு வேறு விடயங்கள்.

ஆமைகளின் கதை இதைவிட நெருக்கமானது. இத்தீவார் தலைமுறை தலைமுறையாக ஆமை பிடித்தவர்கள். 1990இல் மெக்ஸிகோ அரசு கடலாமை பிடிப்பதை முற்றாகத் தடை செய்தது. முட்டையிடக் கரையேறும் தாய் ஆமையைப் புரட்டிப் போட்ட அதே ஆட்களின் அனுபவந்தான் பின்பு முட்டைகளைக் காக்கவும் உதவியது. எந்த இரவில், எந்த மணலில் ஏறும் என்று அவர்களுக்குத்தானே தெரியும்! முட்டைகளை வேலியிட்ட மணலுக்கு மாற்றிப் புதைத்து, குஞ்சு பொரித்ததும் மாலையில் கடலுக்கு விடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து விடச் செய்யும் வழக்கமும் உண்டு.

எல்லோரும் வந்து கடலடிப் பாறையை மிதித்தால் பவளம் சாகும். அதற்கும் ஒரு யோசனை செய்தார்கள். ஜேசன் டிகெய்ரஸ் டெய்லர் என்ற பிரித்தானியச் சிற்பியைக் கொண்டு, கன்குனுக்கும் தீவுக்கும் இடையில் 2010இல் கடலடி அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார்கள். பவளம் ஒட்டி வளரக்கூடிய சீமெந்தில் வார்த்த உருவங்கள். அவற்றில் பல, இப்பகுதியில் வாழும் சாதாரண மனிதர்களையே அச்செடுத்துச் செய்தவை. பயணிகள் அங்கே போனால் இயற்கைப் பவளத்துக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும் என்பது கணக்கு.

புயல் வந்த நாட்கள்

பெரியவர்களோடு கதைத்தால், ஆண்டுகளைப் புயலின் பெயரால்தான் சொல்கிறார்கள். 'கில்பெர்ட்டுக்கு முன்', 'வில்மாவுக்குப் பின்'. 1988 செப்டெம்பரில் வந்த கில்பெர்ட்தான் தெற்கு முனைக் கற்கட்டிடத்தை உடைத்தது. 2005 ஒக்டோபரில் வில்மா என்ன செய்தது தெரியுமா? நகராமல் மேலேயே நின்றது. 24 மணி நேரத்தில் தீவில் பெய்த மழை 1,634 மில்லி மீற்றர். மேற்கு அரைக்கோளத்தில் ஒரே நாளளவில் பதிவான அதிகூடிய மழை அதுவே. புத்தளத்தில் ஒரு வருடம் முழுவதும் பெய்வது இதைவிடக் குறைவு என்றால் அளவு விளங்கும். ஆகவே ஜூனிலிருந்து நவம்பர் வரை போகிறவர்கள் வானொலியில் ஒரு காதை வைத்திருங்கள். டிசெம்பருக்குப் பின் வானம் தெளிவு. இடைக்கிடை வடக்குக் குளிர்காற்று வீசி இரண்டொரு நாள் படகுகளை நிறுத்திவைக்கும், அவ்வளவுதான்.

2011 முதல் புதிய தொல்லை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அத்திலாந்திக்கிலிருந்து மிதந்துவரும் பழுப்புக் கடற்பாசி, சில ஆண்டுகளில் கரீபியன் கரைகளில் குவியல் குவியலாக ஒதுங்கி அழுகுகிறது. தீவின் கிழக்குக் கரை இதில் கூடுதலாக அகப்படும். வடக்குக் கரை பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

அந்த வடக்குக் கரை, இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடக்கக்கூடிய அமைதியான கடல். நடுப்பகலில் அங்கே ஆடைக் குறைவும் மதுவும் அதிகம். பிள்ளைகளோடு போகிறவர்கள் காலை ஏழு மணிக்குப் போங்கள். கடல் முழுவதும் உங்களுடையது. பத்து மணிக்குள் சாய்வுக் கதிரைகளும் குடைகளும் மணலை நிரப்பிவிடும். வாடகை கேட்பார்கள். பயப்படாமல் நீரோரமாக உங்கள் பாயை விரியுங்கள். மெக்ஸிகோவில் கடற்கரை நாட்டின் பொதுச் சொத்து. 2020இல் திருத்திய சட்டப்படி, பொதுமக்கள் கடற்கரைக்குப் போவதை மறிப்போருக்கு அபராதமும் உண்டு.

உப்பளத்துக்கு அப்பால்

பத்து நாள் தங்கினால் ஒரு நாளாவது தீவின் நடுப்பகுதிக்குப் போக வேண்டும். 'சலினா கிராந்தே', 'சலினா சிக்கா' என்பவை அங்குள்ள நீர்நிலைகள். பெரிய உப்பளம், சின்ன உப்பளம் என்று பொருள். மாயா மக்கள் உப்பெடுத்த இடங்கள் இவை. அவற்றைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில்தான், உங்கள் விடுதிப் படுக்கையை விரிக்கிறவர்களும், மீன் சுடுகிறவர்களும், படகோட்டுகிறவர்களும் வாழ்கிறார்கள். நெருக்கமான சிறு வீடுகள், கூரையில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். குழாயில் வரும் நீர் கடலுக்கடியால் பெருநிலத்திலிருந்து வருகிறது. நீங்கள் விடுதியில் மூன்றாம் தடவை குளிக்கும் நீரும் அதுதான்.

கன்குன் நகரம் 1970இல் அரசாங்கம் திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய ஊர். அதற்கு முன் அங்கே மணல் திட்டும் கண்டலும் தவிர அதிகமில்லை. பெரிய ஊர் என்றால் அன்று இந்தத் தீவுதான். மலிவு தேடி முதுகுப் பையோடு வந்தவர்கள் இதை உலகுக்குச் சொன்னார்கள்; பின்னாலேயே கோல்ப் வண்டிகளும் நீச்சல் தடாகங்களும் வந்தன. ஆகவே பைக்காரன் நல்லவன், ஹோட்டல்காரன் கெட்டவன் என்று எளிதாகத் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. வழியைத் திறந்துவிட்டவர்களில் நாமும் அடக்கம். இப்போது வாடகை ஏறுகிறது. எதிர்க்கரையின் வெறுங்காடுகளிலும் ஹோட்டல்கள் எழும்புகின்றன. தீவில் பிறந்தவர்கள் கன்குனில் வீடெடுத்து, தீவுக்கு வேலைக்காகப் படகில் வரும் நிலை வந்துவிட்டது.

ஒன்று மட்டும் என் கண்ணால் கண்டது. ஒரு நாள் வந்து போகிறவரின் காசு படகுக் கம்பனிக்கும் கோல்ப் வண்டிக் கடைக்கும் போகிறது. பத்து நாள் தங்குகிறவரின் காசு, தொகை சிறியதானாலும், சோள ரொட்டிக் கடைக்கும் சந்தையின் சமையல்காரிக்கும் ஊஞ்சல் விற்பவருக்கும் பப்பாசி வெட்டித் தருபவருக்கும் பிரிந்து போகிறது. ஐந்தாம் நாள் அந்தச் சமையல்காரி உங்கள் சாப்பாட்டில் எதைத் தவிர்க்க வேண்டும் என்பதைக் கேளாமலே அறிந்திருப்பாள். எட்டாம் நாள் உங்கள் பிள்ளைகளின் பெயரை விசாரிப்பாள்.

திரும்பும் நாளன்று முதல் படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள். விடியற்காலையில் கன்குனிலிருந்து வரும் படகு நிறைந்து வழியும். உருவத் துணி மாற்றாமலே ஹோட்டல் சீருடையில் வந்தவர்கள், சாப்பாட்டுப் பொதியோடு கொத்தனார்கள், தூங்கி விழும் இளம்பெண்கள் எல்லோரும் இறங்கும்வரை கரையில் ஒதுங்கி நிற்க வேண்டும். கடைசி ஆள் இறங்கிய பிறகு ஏறுங்கள். கன்குன் போகும் பக்கத்தில் இருக்கைகள் அநேகமாக வெறுமையாக இருக்கும்.